ஒரு ஆள் போதும்

இரட்டையரின் அப்பா அந்தப் பேச்சை எடுத்தபோது காலை வகுப்புகள் முடிந்திருந்தன. நான் ஈரத் துண்டுகளை மெஷினில் திணித்துக்கொண்டிருந்தேன். அக்கா தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். அத்தான் குளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் இடம் அது. வருகிற பெற்றோருக்குப் பிள்ளைகளை வைத்துத்தான் பெயர்: சுருட்டைமுடியின் அம்மா, அழுமூஞ்சியின் சித்தி, இப்படி. இரட்டையரின் அப்பாவுக்குப் பல ஊர்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் இருந்தன. அவருடைய பெண் பிள்ளைகள் இரண்டும் தண்ணீரைக் கண்டாலே அலறி ஊரைக் கூட்டியவர்கள். இங்கே வந்து ஒரு பருவத்துக்குள் மீன் மாதிரி ஆனவர்கள். அந்த நன்றி அவருக்கு எப்போதும் உண்டு.

"இதை நாலு ஊருக்குக் கொண்டு போகலாம் மாஸ்டர்," என்றார். "பேரும் முறையும் உங்களோடது. இடமும் முதலும் வேற ஆளுங்க போடுவாங்க. உங்க பேர்ல, உங்க மாதிரியே நடத்துவாங்க. உங்களுக்குப் பங்கு வந்துக்கிட்டே இருக்கும். ஃபிரான்சைஸ்னு சொல்றது இதைத்தான்."

"எங்க மாதிரியேன்னா?" என்றாள் அக்கா. "எங்க ரெண்டு பேரையும் ஜெராக்ஸ் எடுப்பீங்களா?"

"கிட்டத்தட்ட அதேதான்," என்று அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் மென்று விழுங்கினார். "ஒரே ஒரு சிக்கல். ஒரு வகுப்புக்கு ரெண்டு ஆள் வேணும்னா எவனும் முதல் போட மாட்டான். ஒரு ஆள் போதும்னு ஆக்க முடியுமான்னு மட்டும் பாருங்க."

அக்கா வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். "முடியாது," என்றாள். அத்தான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் முடியாது என்றதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறையே இரண்டு பேரால் ஆனது. அத்தான் பிள்ளையின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கியிருப்பார். அக்கா கொஞ்ச தூரம் தள்ளி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, "வா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அத்தான் கையை எடுப்பார். பிள்ளை மிதந்து, தத்தளித்து, கையைக் காலை அடித்து அக்காவிடம் போய்ச் சேரும். இடையில் அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளை யாருடைய கையிலும் இல்லை. நீச்சல் வருவது அந்த நேரத்தில்தான். விட்டவரே பிடித்தால் பிள்ளை அவரையே கட்டிக்கொண்டு கிடக்கும், எதிரே ஒரு ஆள் நின்றால்தான் போகும் என்பது அக்காவின் கட்சி.

அந்த முறை அவர்கள் மகனால் வந்தது.

என் அக்கா மகன் நடக்கத் தொடங்கியபோது பாதம் உள்பக்கம் திரும்பி, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தான். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நாங்கள் எல்லாரும் கைதட்டிச் சிரித்து அவனுக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தோம். அவனும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புவான். மூன்று வயது தாண்டிய பிறகு மாடிப்படியில் ஏற முடியாமல் அடிக்கடி விழுந்தபோதுதான் மருத்துவரிடம் கொண்டு போனார்கள். தசைகள் பலம் இழந்துகொண்டே போகும் நோய், அந்த நடையே அதன் முதல் அறிகுறி என்றார் அவர். ஆனால் அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுக்கும் அது பிடித்திருந்தது. எங்களால் மாற்ற முடியவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் பயிற்சி கொடுத்தால் நல்லது என்றார்கள். ஊரில் இருந்த பொதுக் குளத்தில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அத்தான் அப்போது கார் கழுவும் கொட்டகை வைத்திருந்தார். அதிலேயே தரையைத் தோண்டி, ஓடு பதித்து, சூடேற்றும் இயந்திரம் வைத்து, ஒரு குளம் கட்டிவிட்டார். மகனை அவர் விட, அக்கா வாங்க, மாலை முழுவதும் அதுதான் வேலை. தரையில் நாலு அடி நடக்க முடியாத பிள்ளை தண்ணீரில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே போய்ப் போய் வந்தான். கார் கழுவ வந்தவர்கள் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்களேன் என்றார்கள். கார் கழுவுவது நின்றது. வாசலில் 'வாத்துக்குளம்' என்று போர்டு வந்தது. அவன் சக்கர நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து மற்ற பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருப்பான். முதலாளி என்று அவனைக் கிண்டல் செய்வோம்.

பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு போக வேண்டிய வருடம் நுரையீரலில் சளி கட்டிப் போய்விட்டான்.

குளம் கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. பிறகு ஒரு காலையில் யாரோ ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள். விஷயம் தெரியாதவள். அக்கா ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அத்தான் தண்ணீரைச் சூடேற்றினார்.

நான் வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் பதிவதும் பணம் வாங்குவதும் துண்டு துவைப்பதுமாக அப்போதிலிருந்து அங்கே இருக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் எனக்கு இரவுச் சாப்பாடும் பெரும்பாலும் குளத்துக்கு மேலே மாடியில் அக்கா வீட்டில்தான். அந்த வீட்டில் நான் கவனித்தது ஒன்று உண்டு. போன் அடித்தால் எடுத்து, "வாத்துக்குளம், வணக்கம்" என்று நாங்கள் மூவரும் நாள் முழுக்கச் சொல்வோம். மாடிக்கு ஏறிவிட்டால் வாத்து என்ற சொல் யார் வாயிலும் வராது. அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரில் நிற்கும்போது கண் ஜாடையிலேயே பேசிக்கொள்வார்கள். மேலே வந்தால் டிவி ஓடும். ஒருவர் சாப்பிடும்போது மற்றவருக்கு வேறு வேலை இருக்கும். சண்டை என்று ஒரு நாளும் கிடையாது. இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்னவோ.

இரட்டையரின் அப்பா போன பிறகு அத்தான் என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"உங்க அக்கா தோள் இனிமே தாங்காது. டாக்டர் போன வருஷமே சொல்லிட்டார். நீந்தி வர்ற பிள்ளைங்களை வாங்கி வாங்கி எலும்பு தேஞ்சு போச்சு. நான் ஒருத்தனே பண்ண முடிஞ்சா அவ தண்ணியில இறங்க வேண்டாம் பாரு."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா இறங்காம இருப்பாளா? முதல்ல பண்ணிக் காட்டுறேன்."

அக்காவிடம், தோளுக்கு ஓய்வு கொடு, சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அவளும் சரி என்றாள். இரண்டு நாளில் கை தூக்கிவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறின. அழுமூஞ்சி அவர் காதைக் கடித்துவிட்டான். அத்தான் மேலே ஏறி வந்து காதுக்கு மருந்து போட்டுக்கொண்டு, "இவனுக்குத் தண்ணி பயம் இல்ல, பசி" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் அவர் விடவில்லை. மதியத்தில் குளம் காலியாக இருக்கும்போது தனியாக இறங்கி நடந்து பழகினார். பிள்ளையை விட்ட கையோடு, அலை எழுப்பாமல், ஓரமாகச் சுற்றிப் போய் எதிரே நிற்க வேண்டும். மார்பளவுத் தண்ணீரில் அப்படி நடப்பது சாதாரணமில்லை. உயரமான மனிதர், நீண்ட கால்கள். நாளடைவில் அது அவருக்குக் கைவந்தது. கையை எடுப்பார், பிள்ளை திரும்பித் தேடுவதற்குள் எதிரே நின்று, "வா" என்பார்.

ஒரு சனிக்கிழமை. அந்த நாளில்தான் கூட்டம் அதிகம். அக்கா என் பக்கத்தில், பெற்றோர் உட்காரும் அறையில் இருந்தாள். அந்த அறைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. எப்போதும் ஆவி படிந்து மங்கலாக இருக்கும். அத்தனை வருடத்தில் அவள் ஒரு வகுப்பையும் வெளியே இருந்து பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

அழுமூஞ்சியின் முறை. அத்தான் அவன் முதுகைத் தாங்கியிருந்தார். கையை எடுத்தார். சுற்றி வந்து நின்றார். அழுமூஞ்சி உதட்டைப் பிதுக்கினான், அழவில்லை, காலை உதைத்தான். கொஞ்சம் தண்ணீர் குடித்தான். போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய சித்தி பெஞ்சை விட்டு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அடுத்த பிள்ளையையும் பார்த்தாள். அதற்கடுத்த பிள்ளையையும் பார்த்தாள்.

"நல்லா வருதே," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. நீண்ட நாள் வேலை பார்த்த இடத்தில், நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஒருவர் எப்படி நிற்பாரோ, அப்படி நின்றாள்.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அத்தானுக்கு அன்று நல்ல மனநிலை. டிவியைக் கூடப் போடவில்லை. அக்கா பரிமாற வேண்டாம் என்று அவரே எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"பாத்தல்ல?" என்றார். "இனிமே நீ இறங்க வேண்டாம். தோளைப் பாத்துக்கோ."

"பாத்தேன்."

"ரெட்டையர் அப்பாகிட்ட சரின்னு சொல்லிடலாமா?"

"சொல்லிடுங்க," என்றாள் அக்கா. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "முதல் கிளைக்கு ஆள் பழக்கணும்னு சொன்னாரே, அதுக்கு நான் போறேன். தண்ணியில இறங்காம ஓரத்துல நின்னு சொல்லிக்குடுக்கலாம். அங்கேயே தங்கணும்," என்றாள்.

அத்தானின் கை நின்றுவிட்டது. "அது ரொம்பத் தூரமாச்சே."

"தூரந்தான்."

கீழே சூடேற்றும் இயந்திரத்தின் உறுமல் தரை வழியாகக் காலுக்கு வந்தது. அந்த வீட்டில் அது எப்போதும் வரும்.

"அப்படின்னா வேண்டாம்னு சொல்லிடுவோம்," என்றார் அத்தான். "கிளையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இருக்கிறது போதும்."

"ஏங்க?"

"நீ இங்க வேணும்."

"எதுக்கு?"

அவர் பதில் தேடினார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த மனிதர் தேடினார். வாய் வரைக்கும் ஏதோ வந்தது. அது வந்த வழியே திரும்பிப் போனது.

"வகுப்புக்கு," என்றார்.

"வகுப்புக்கு நான் வேண்டாம்னு நீங்களே காட்டிட்டீங்களே," என்றாள் அக்கா. குரலில் குத்தல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அன்று அத்தானை உலுக்கிச் சொல்ல நினைத்தேன், அவளுடைய தோளுக்காகத்தான் இத்தனையும் செய்தேன் என்று போய்ச் சொல்லுங்கள் என்று. சொல்லவும் செய்தேன். அவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு, "அது அவளுக்குத் தெரியும்" என்றார். பிறகு, "தெரிஞ்சுதான் போறா" என்றார்.

ஒரு மாதம் கழித்து இரட்டையரின் அப்பா புது போர்டுக்கான படத்தோடு வந்தார். பெரிய தாளில் மஞ்சள் வாத்து ஒன்று, இடுப்பைச் சாய்த்து ஒரு காலைத் தூக்கி நடந்துகொண்டிருந்தது.

"ஆடி ஆடி நடக்குற மாதிரி போடச் சொன்னேன். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்," என்றார். ஒன்றும் அறியாத மனிதர். நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை.

அத்தான் தாளைப் பார்த்தார், பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். விரலால் வாத்தின் பாதத்தைத் தொட்டாள்.

"இது வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கு," என்றாள். "உள்பக்கமாத் திரும்பணும். ரெண்டு காலும். முட்டி கொஞ்சம் இடிக்கிற மாதிரி."

"வாத்து அப்படியா நடக்கும்?"

"இது அப்படித்தான் நடக்கும்."

அவர் குறித்துக்கொண்டார். அத்தான், மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோதுதான் திரும்பி வந்தார். கைகளில் கிரீஸ் துளிகூட இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தோளைத் தூக்க முடியாமல் முனக, அவர் தாளை அவள் பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அக்கா போனாள். முதலில் மாதா மாதம் வந்தாள். வந்தால் விருந்தாளி மாதிரி எதை எங்கே வைக்க என்று கேட்டாள். பிறகு வேலை அதிகம் என்றாள். அடுத்த கிளைக்கும் அவளே ஆள் பழக்கினாள். எல்லா இடத்திலும் ஒரு வகுப்புக்கு ஒரு ஆள். அவள் ஓரத்தில் நின்று அத்தானின் நடையைச் சொல்லிக்கொடுத்தாள், எப்படி விடுவது, எப்படிச் சுற்றிப் போவது, எவ்வளவு சீக்கிரம் எதிரே நிற்பது என்று. நன்றாகச் சொல்லிக்கொடுப்பதாக இரட்டையரின் அப்பா மெச்சினார். தினமும் மதியம் அவளும் அத்தானும் போனில் பேசுவார்கள். மருந்து விலை, ஓடு பெயர்ந்தது, புதுப் பிள்ளைகள். பேச்சு முடிந்ததும் அத்தான் போனை மேசையில் வைத்துவிட்டு, "நல்லா இருக்காளாம்" என்று என்னிடம் சொல்வார்.

ஒரு நாள் தன் தையல் மெஷினைக் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டாள் என்றால் இனித் திரும்பி வர மாட்டாள் என்று எங்களுக்குப் புரிந்தது. அத்தான் அதைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன்.

அக்கா இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. துப்புரவாக இருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு கட்டில், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். மூன்று பேர் ஆனதால் நான் பாத்திர மூடியில் சாப்பிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் மெஷினை மேசையில் பொருத்திக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"பத்து எண்ணுற வரைக்கும் மிதக்கணும்னு சொன்னா, என்ன பண்ணுவான் தெரியுமா? ஒண்ணு, ரெண்டு, ஒன்பது, பத்துன்னு எண்ணிட்டு வந்துடுவான். உங்ககிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான்."

அத்தானின் கையில் திருப்புளி நின்றது. மகன் போனதிலிருந்து அவர்களில் ஒருவர் மற்றவரிடம் அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படி எண்ணச் சொல்லிக் குடுத்ததே நான்தான்," என்றார் அத்தான்.

அக்கா திரும்பினாள். கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"நீங்களா?"

"பிள்ளைக்கு மூச்சு வாங்கும். நீ பத்துக்குக் குறைய விட மாட்ட. அதான், நடுவுல உள்ளதை முழுங்கிடுடான்னு சொன்னேன். உன்கிட்ட சொல்லாதேன்னு நானும் சத்தியம் வாங்கினேன்."

"ரெண்டு பக்கமும் சத்தியத்தை வெச்சு விளையாடியிருக்கான் பாருங்க, திருட்டுப்பய," என்றாள் அக்கா. சிரித்தாள். அத்தானும் சிரித்தார். அது எப்போது அழுகையாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் திருப்புளியைப் பிடித்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரி உதடு கோண அழுதார். அக்கா ஈரக் கையோடு வந்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கதவு சாத்தவில்லை. குரல் கேட்டது.

"இதையெல்லாம் அங்க சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.

"அங்க சொல்லியிருந்தா நீங்க மோட்டார் பாக்கப் போயிருப்பீங்க. நானும் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருப்பேன்."

"ஆமா." கொஞ்சம் பொறுத்து, "வந்துடு" என்றார்.

கீழே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம். பல தடவை உதைத்துதான் கிளம்பியது.

"முடியாதுங்க," என்றாள். "அந்த வீட்டுக்குள்ள காலை வெச்சா வாய் கட்டிக்குது. இங்க இருந்தா உங்ககிட்ட பேச முடியும் போல இருக்கு. அது போதாதா?"

அவர் போதும் என்றாரா, போதாது என்றாரா, எனக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு இன்னும் சில ஊர்களில் கிளைகள் வந்துவிட்டன. இருவரும் பிரிந்துவிட்டார்களா என்று சொந்தக்காரர்கள் என்னைத் துளைத்து எடுக்கிறார்கள். வேலையாக வெளியூரில் இருக்கிறாள் என்று அத்தான் சொல்வதையே நானும் சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. அவர் ஒல்லியாகிவிட்டார். இரவில் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு எதிரே தூங்கிவிடுகிறார். நான் போய் அணைத்துவிட்டு வருகிறேன்.

மதியம் மட்டும் போன் வருகிறது. முன்பு மாதிரி மருந்து விலையில் ஆரம்பித்து, பிறகு அவருடைய குரல் தாழ்ந்துவிடும். "அப்படியா சொன்னான்?" என்பார். "எனக்கு இது தெரியாதே," என்பார். சில நாள் சிரிப்புக் கேட்கும், சில நாள் நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. அந்த நேரத்தில் நான் துண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.